வினைக்கு முன்னாலா, பின்னாலா? ஸ்பானிய மொழியில் 'என்னை', 'உனக்கு', 'அதை' நிற்கும் இடம்

ஸ்பானிய மொழி படிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகத்தான் அதைப் படிக்கிறார்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், செயலி ஆங்கிலத்தில், வகுப்பில் கிடைக்கும் விளக்கமும் ஆங்கிலத்தில். பல பாடங்களில் இதனால் நட்டமில்லை. ஆனால் 'என்னை', 'உனக்கு', 'அதை', 'அவர்களுக்கு' என்ற சிறு சொற்களை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்ற பாடத்தில் இந்தச் சுற்றுவழி தேவையில்லாத சிரமத்தைக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் வினைக்குப் பின்னால் வரும். ஸ்பானிய மொழியில் பெரும்பாலும் முன்னால் வரும். ஆகவே ஆங்கிலப் புத்தகம் இதைத் தலைகீழ் வரிசை என்று சொல்லி, விதிவிலக்குகளோடு சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்லும்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். 'அதை வாங்கினேன்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'லோ கொம்ப்ரே'. லோ என்றால் அதை, கொம்ப்ரே என்றால் வாங்கினேன். 'எனக்கு அதைக் கொடுத்தான்' என்பதற்கு 'மே லோ தியோ'. மே எனக்கு, லோ அதை, தியோ கொடுத்தான். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. 'நான்', 'அவன்' என்று தனியாகச் சொல்லாமல் வினையின் முடிவே ஆளைக் காட்டிவிடுவதும் நம் வழக்கம்தான். இதில் தலைகீழாக எதுவும் இல்லை. ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தியதால் மட்டுமே அப்படித் தெரிகிறது.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. இந்தச் சொற்கள் வினைக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதைத் தீர்மானிப்பது அந்த வினை முற்றா, எச்சமா, ஏவலா என்ற வேறுபாடு. பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த யாருக்கும் இந்தப் பாகுபாடு புதிதல்ல.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். மே என்பது என்னை, எனக்கு இரண்டும். தே என்பது உன்னை, உனக்கு. நோஸ் என்பது எங்களை, எங்களுக்கு. நாம், நாங்கள் என்ற வேறுபாடு அங்கே இல்லை. ஓஸ் என்பது நெருங்கிய பலரைப் பார்த்துச் சொல்லும் உங்களை, உங்களுக்கு. ஸ்பெயினில் வழங்கும், லத்தீன் அமெரிக்காவில் வழங்காது. படர்க்கையில் மட்டும் இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் பிரிந்து நிற்கும். 'ஐ' உருபுக்கு லோ, லா, லோஸ், லாஸ்: ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மைக்கு ஏற்ப. 'கு' உருபுக்கு லே, லேஸ். யாரையாவது 'உஸ்தேத்' என்று மரியாதையாக அழைத்தால் அவருக்கும் இந்தப் படர்க்கைச் சொற்களே. அவரை லோவா, லேவா என்ற குழப்பம் ஆங்கிலம் பேசுபவரை மாதக்கணக்கில் வாட்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் 'அவனை', 'அவனுக்கு' இரண்டுக்கும் ஒரே சொல் வரலாம். தமிழர் மனதுக்குள் 'அவனை'யா 'அவனுக்கா' என்று கேட்டாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மாட்ரிட், வல்யதோலித் பக்கங்களில் ஓர் ஆணைக் குறிக்கும்போது லோவுக்குப் பதில் லே என்பார்கள். ஆண்பால் ஒருமையில் மனிதரைக் குறிக்கும்போது அதை ஸ்பானிய அரச அகாதமியும் ஏற்றுக்கொள்கிறது.

இவை அழுத்தம் பெறாத சொற்கள், தனித்து நிற்க முடியாதவை. 'யாரைப் பார்த்தாய்?' என்று கேட்டால் 'லோ' என்று மட்டும் பதில் சொல்ல முடியாது. 'ஆ எல்' என்று முழுச் சொல்லாகச் சொல்ல வேண்டும். தமிழில் உம், ஏ, ஓ, ஆ என்ற இடைச்சொற்கள் ஏதாவது ஒரு சொல்லில் சாய்ந்தே வாழ்வது போல, ஸ்பானிய மொழியில் மே, தே, லோ, லே எல்லாம் வினையில் சாய்ந்து வாழ்கின்றன. நமக்கும் அவர்களுக்கும் வழி பிரிவது இங்கேதான். தமிழில் 'அதை நேற்று வாங்கினேன்' என்று இடையில் ஒரு சொல்லை நுழைக்கலாம். ஸ்பானிய மொழியில் லோவுக்கும் வினைக்கும் நடுவில் 'நேற்று' நுழைய முடியாது. 'ஆயேர் லோ கொம்ப்ரே', அல்லது 'லோ கொம்ப்ரே ஆயேர்'. எதிர்மறைச் சொல்லான 'நோ'கூட இந்த இணைக்கு வெளியேதான் நிற்கும்: 'நோ லோ கொம்ப்ரே', அதை வாங்கவில்லை.

முற்று, எச்சம், ஏவல்

காலமும் இடமும் காட்டி நிற்கும் வினைமுற்றுக்கு முன்னால் இந்தச் சொற்கள் தனிச் சொல்லாக வரும். லோ கோம்ப்ரோ, அதை வாங்குகிறேன். லோ கொம்ப்ரே, அதை வாங்கினேன். லோ கொம்ப்ராரே, அதை வாங்குவேன். 'ஏ கொம்ப்ராதோ' போன்ற கூட்டு வினையிலும் துணைவினைக்கு முன்னால்தான்: லோ ஏ கொம்ப்ராதோ, அதை வாங்கியிருக்கிறேன். 'கொம்ப்ராதோ' என்ற பகுதியின் வாலில் லோவைக் கட்டக் கூடாது. இன்றைய ஸ்பானிய மொழியில் அந்த வடிவம் எதையும் சுமக்காது.

காலமும் இடமும் காட்டாத எச்ச வடிவங்களில் இவை பின்னால் வந்து, எழுத்திலும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். 'வாங்க' என்ற பொருளில் வரும் 'கொம்ப்ரார்' என்பதோடு சேர்ந்து கொம்ப்ரார்லோ. 'வாங்கிக்கொண்டு' என்ற பொருளில் வரும் 'கொம்ப்ராந்தோ'வோடு சேர்ந்து கொம்ப்ராந்தோலோ. 'அதை வாங்காமல்' என்பது ஸின் கொம்ப்ரார்லோ, 'அதை வாங்குவதற்காக' என்பது பாரா கொம்ப்ரார்லோ. கூட்டு வினையின் துணைவினையே எச்சமாகிவிட்டால் சுமையும் அதன் மேல் ஏறும்: அபேர்லோ கொம்ப்ராதோ, அதை வாங்கியிருப்பது.

ஏவலில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 'அதை வாங்கு' என்றால் கோம்ப்ராலோ, பின்னால் ஒட்டும். 'அதை வாங்காதே' என்றால் நோ லோ கோம்ப்ரேஸ், முன்னால் பிரிந்து நிற்கும். 'அதை எனக்குக் கொடு' என்றால் தாமேலோ. 'அதை எனக்குக் கொடுக்காதே' என்றால் நோ மே லோ தேஸ். விலக்கும்போது வினை வேறு வடிவத்துக்கு மாறுகிறது, அதனால்தான் இடமும் மாறுகிறது என்று பல பாடநூல்கள் காரணம் சொல்லும். அந்தக் காரணம் போதாது. மரியாதை ஏவலை எடுத்துக்கொள்ளுங்கள். 'அதை வாங்குங்கள்' என்பது கோம்ப்ரேலோ. 'அதை வாங்காதீர்கள்' என்பது நோ லோ கோம்ப்ரே. 'அவர் அதை வாங்கட்டும்' என்பது கே லோ கோம்ப்ரே. மூன்றிலும் இருப்பது 'கோம்ப்ரே' என்ற ஒரே வடிவம், அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வாக்கியத்தின் தொடக்கத்தில் 'நோ', 'கே' போல ஒரு சொல் நின்றதும் லோ முன்னால் வந்துவிடுகிறது. எதுவும் நிற்காவிட்டால் பின்னால் போகிறது. ஏன் என்று தெரிய எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

முதலில் நிற்கக் கூடாத சொற்கள்

1875-இல் மொழியியலாளர் அடோல்ஃப் டோப்ளர் பழைய பிரெஞ்சு மொழியைப் பற்றி எழுதியபோதும், 1886-இல் அடோல்ஃபோ முசாஃபியா பழைய இத்தாலிய மொழியை ஆராய்ந்தபோதும் ஒரே உண்மையைக் கண்டார்கள்: அழுத்தமில்லாத இந்தச் சிறு சொற்கள் வாக்கியத்தின் முதல் சொல்லாக வருவதில்லை. இருவர் பெயரையும் சேர்த்து அதை டோப்ளர்-முசாஃபியா விதி என்கிறார்கள். பழைய காஸ்தீலியனிலும் (ஸ்பானிய மொழியின் இன்னொரு பெயர்) அதே நிலை. வினை வாக்கியத்தை முதலில் தொடங்கினால் சிறு சொல் அதற்குப் பின்னால் போகும்: 'அவனைப் பார்த்தான்' என்பது 'வியோலோ'. முன்னால் 'நோ' போலவோ, 'கே' போன்ற இணைப்புச் சொல் போலவோ ஒன்று நின்றுவிட்டால், சாய்வதற்கு இடம் கிடைத்ததால் சிறு சொல் வினைக்கு முன்னால் வரும்: 'நோ லோ வியோ'. அந்தக் காலத்தில் அது வினையைவிட்டுச் சற்றே விலகிக்கூட நின்றிருக்கிறது. 'கே லோ நோன்' என்று, லோவுக்குப் பிறகு எதிர்மறையும் அதற்குப் பிறகு வினையும் வரும் தொடர்கள் பழைய நூல்களில் உண்டு. சிறு சொல் சாய்ந்தது வினைமேல் அல்ல, தனக்கு முன்னால் நின்ற சொல்மேல்.

இந்தப் பழக்கம் ஸ்பானிய மொழியில் பிறந்ததல்ல. யாக்கோப் வாக்கர்நாகல் 1892-இல் கிரேக்கம், சமஸ்கிருதம், லத்தீன் முதலிய பழைய இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு, அழுத்தமில்லாத சொற்கள் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தை நாடுகின்றன என்று காட்டினார். லத்தீனில் 'அந்த' என்று சுட்டப் பயன்பட்ட சொல்லின் வேற்றுமை வடிவங்கள் காலப்போக்கில் வலுவிழந்து லோ, லா, லே ஆனபோது, அவையும் அந்தப் பழைய இருக்கையையே தேடின.

எதிர்காலத்திலும் இதன் தடம் கிடக்கிறது. இன்றைய 'கொம்ப்ராரே' (வாங்குவேன்) ஒரு காலத்தில் இரண்டு சொல்: 'கொம்ப்ரார்' என்ற எச்சமும், கொண்டிருக்கிறேன் என்ற பொருள் தரும் 'ஏ' என்ற வினையும். அவை முழுமையாக ஒட்டும் முன் சிறு சொற்கள் நடுவில் புகுந்தன. 'உனக்கு அதைக் கொடுப்பேன்' என்பதை 'தார் தே லோ ஏ' என்று பிரித்துச் சொன்ன காலம் உண்டு. இன்று 'தே லோ தாரே' மட்டும்தான். போர்ச்சுகலின் எழுத்து மொழி இன்னும் எதிர்கால வினையின் வயிற்றுக்குள் இந்தச் சொற்களை வைக்கிறது. அங்கே வாக்கியத்தை இவை தொடங்கக் கூடாது என்ற பழைய விதியும் உயிரோடு இருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கில் பேசும் கலீசிய மொழியிலும் இந்த விதி உண்டு.

காஸ்தீலியன் மெல்ல வேறு வழியில் போனது. சிறு சொற்களின் பிடிப்பு முன்னால் நின்ற சொல்லிலிருந்து வினைக்கு மாறியது. முற்றுவினைக்கு முன்னால் நிற்பதே நிலையான இடமானதும், வாக்கியத்தின் முதல் சொல்லாக வரவும் துணிந்தன. 'லோ வியோ' என்று தொடங்குவது இயல்பாகிவிட்டது. ஆனால் இது ஒரே நாளில் நடந்த மாற்றம் அல்ல. 1605-இல் வெளிவந்த 'தோன் கிஹோதே' நாவலில் 'திஹோலே' (அவனிடம் சொன்னான்) போன்ற பின்னொட்டு வடிவங்கள் மலிந்திருக்கின்றன. எழுத்து நடையில் 19-ஆம் நூற்றாண்டிலும் அவை தொடர்ந்தன. குழந்தைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கும்போது வரும் 'ஏராஸே உனா வேஸ்', நம் 'ஒரு ஊரிலே' போல, அந்தப் பழைய வரிசையை இன்றும் வைத்திருக்கிறது.

இந்த வரலாறு தெரிந்தால் ஏவலின் புதிர் அவிழ்கிறது. கட்டளை வாக்கியம் இயல்பாகவே வினையில் தொடங்கும். அதனால் பழைய விதிப்படி சிறு சொல் பின்னால் போனது: கோம்ப்ராலோ. விலக்கும்போது 'நோ' முன்னால் நிற்பதால் சிறு சொல் முன்னால் வந்தது: நோ லோ கோம்ப்ரேஸ். மற்ற முற்றுகளில் பழைய விதி போய்விட்டது, ஏவலில் மட்டும் உறைந்து நின்றுவிட்டது. உறைந்து நின்றதால் இன்று அது முன்போல நெகிழ்வதில்லை. 'நாளைக்கு அதை வாங்குங்கள்' என்று ஒரு காலச்சொல்லை முன்னால் வைத்தாலும் 'மன்யானா கோம்ப்ரேலோ' என்றுதான் வரும். நோ, கே போன்ற ஒரு சொல் முன்னால் நிற்கிறதா என்று பார்த்தால் ஏவலுக்குப் போதும். விடைபெறும்போது சொல்லும் 'கே தே வாயா பியென்' (உனக்கு எல்லாம் நல்லபடியாகப் போகட்டும்) என்ற வாழ்த்திலும் தே முன்னால் நிற்பது இதனால்தான்.

ஏவலோடு ஒட்டும்போது எழுத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. எத்தனை சிறு சொல் ஒட்டினாலும் வினையின் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால் சொல் நீளும்போது எழுத்தின் மேல் அழுத்தக் குறி (சிறு சாய்கோடு) போட வேண்டி வரும். கோம்ப்ரா என்பதற்குக் குறி தேவையில்லை, கோம்ப்ராலோவுக்குத் தேவை. 'கொடுங்கள்' என்ற மரியாதை ஏவலான 'தே' ('உனக்கு' என்ற தே அல்ல) தனியே நிற்கும்போது குறி பெறும். 'தேமே' என்று ஒட்டியதும் 1999-இன் எழுத்துமுறைப்படி குறி தேவையில்லை. பழைய புத்தகங்களில் குறியோடு பார்த்தால் குழம்ப வேண்டாம். 'போகலாம்' என்ற வாமோஸ் நோஸைச் சேர்த்ததும் ஓர் ஸகரத்தை இழந்து வாமோனோஸ் ஆகும். ஸ்பெயினில் 'போய்விடுங்கள்' என்பதற்கு இலக்கணப்படி 'ஈதோஸ்'. மக்கள் சொல்வது 'ஈரோஸ்'. 2017-இல் அகாதமி மக்கள் வழக்கையும் ஏற்றது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 'ஈதோஸ்' என்று இயல்பாகப் பேசுவோரைக் காண்பது அரிது.

ஊருக்கு ஊர் ஏவல் ஒலி மாறினாலும் இந்த இட விதி மாறாது. மாட்ரிட்டில் 'சொல்லு எனக்கு' என்பது தீமே. புவனோஸ் ஐரிஸில் அதுவே தெஸீமே. ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்ததும் 'தீகாமே' (சொல்லுங்கள்) என்பார்கள். மெக்சிகோவில் ஒலிக்கும் ஆந்தாலே, ஓராலே இரண்டிலும் வாலில் இருக்கும் லே யாரையும் சுட்டவில்லை, பேச்சுக்கு ஒரு உந்துதலைத் தருகிறது. அதுவும் பின்னால்தான் ஒட்டுகிறது. கடையிலும் உணவகத்திலும் ஏவலையே தவிர்த்துக் கேள்வியாகக் கேட்பது ஸ்பெயினில் வழக்கம்: 'மே போனேஸ் உன் கஃபே?', எனக்கு ஒரு காபி தருகிறாயா? கேள்வி என்பதால் வினை முற்றாகிறது, மே முன்னால் வருகிறது.

இரண்டு சேர்ந்தால்

மே லோ தியோ என்பதில் 'எனக்கு' முதலில், 'அதை' பிறகு. தே லோ தோய், உனக்கு அதைக் கொடுக்கிறேன். தமிழில் நாம் இயல்பாகச் சொல்லும் வரிசையே இது. ஆனால் தமிழில் 'அதை எனக்குக் கொடு' என்றும் மாற்றலாம். ஸ்பானிய மொழியில் மாற்ற முடியாது. பின்னால் ஒட்டும்போதும் இதே வரிசை: தார்மேலோ, தாமேலோ.

வரிசை ஆளைப் பொறுத்தது. 'தன்னை', 'தனக்கு' என்று பொருள்படும் ஸே எப்போதும் முதலில், அடுத்து முன்னிலை, அடுத்து தன்மை, கடைசியில் லோ, லா, லே. 'என் கையிலிருந்து விழுந்துவிட்டது' என்பதற்கு ஸே மே காயோ. பேச்சில் சிலர் மே ஸே என்று மாற்றிச் சொல்வதுண்டு, கல்லாதவர் பேச்சு என்று அதைத் தாழ்வாகப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க 'வாரம் மாதத்துக்கு முன்னால்' என்ற ஒரு வாய்பாடு இருக்கிறது. வாரம் 'ஸெமானா', மாதம் 'மேஸ்', ஆகவே ஸே முதலில், மே பிறகு. முன்னிலையும் தன்மையும் சேரும் 'நோ தே மே வாயாஸ்' என்ற தொடரில் உள்ள மே, போகிறவரின் பிரிவு பேசுபவரைத் தாக்குகிறது என்று காட்ட மட்டுமே வருகிறது. 'என்னைத் தவிக்கவிட்டுப் போய்விடாதே' என்று தமிழில் நீட்டிச் சொல்ல வேண்டியதை ஓரசையில் சொல்லிவிடுகிறது.

'அவனுக்கு அதைக் கொடுக்கிறேன்' என்றால் லே லோ தோய் என்றுதானே வர வேண்டும்? வராது. லே லோவாக வரும் இடத்தில் லே, ஸே ஆகிவிடும்: ஸே லோ தோய். லகரம் இரண்டு அடுத்தடுத்து வந்து காதுக்கு உறுத்தியதால் மாற்றினார்கள் என்று வகுப்பறைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வரலாறு அப்படி இல்லை. லத்தீனின் 'அவனுக்கு அதை' என்ற இரு சொல் சேர்க்கை இடைக்காலக் காஸ்தீலியனில் ஒரே தொகுப்பாக இறுகி 'ஜேலோ' போல ஒலித்தது. இத்தாலிய மொழியில் அதே மூலத்திலிருந்து வந்த தொகுப்பு இன்றும் ஒரே சொல்லாகவே இருக்கிறது. காஸ்தீலியனின் உரசொலிகள் மாறியபோது அந்த ஜே, ஏற்கெனவே மொழியில் இருந்த ஸே என்ற சொல்லோடு கலந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஸே லோ நிலைத்துவிட்டது. ஆக, இந்த ஸே 'தன்னை' என்று பொருள்படும் ஸேயோடு பிறப்பால் தொடர்பில்லாதது. லே லோ என்பதோ காஸ்தீலியனில் நிலைபெற்றதே இல்லை.

இந்தக் கலப்பால் ஒரு இழப்பு உண்டானது. லே ஒருமை, லேஸ் பன்மை. ஆனால் ஸே இரண்டுக்கும் ஒன்றே. 'அவனுக்கு அதைச் சொன்னேன்', 'அவர்களுக்கு அதைச் சொன்னேன்' இரண்டும் ஸே லோ திஹே. லத்தீன் அமெரிக்க மக்கள் இந்த ஓட்டையைத் தாங்களே அடைத்தார்கள். சொன்னது ஒரே செய்தியானாலும் கேட்டவர்கள் பலர் என்றால் ஸே லோஸ் திஹே என்கிறார்கள். ஸே சுமக்க முடியாத பன்மையை அடுத்திருக்கும் லோ ஏற்றுக்கொண்டு லோஸ் ஆகிறது. கண்டிப்பான இலக்கணம் இதைப் பிழை என்னும். மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை படித்தவர்களும் இப்படியே பேசுகிறார்கள். மொழி தன் குறையைத் தானே உணர்ந்து சரிசெய்துகொள்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மேலேறும் சொல்

'அதை வாங்க விரும்புகிறேன்' என்பதில் இரண்டு வினை: கியேரோ என்ற முற்று, கொம்ப்ரார் என்ற எச்சம். எச்சத்தில் ஒட்டி கியேரோ கொம்ப்ரார்லோ என்றும் சொல்லலாம், முற்றுக்கு முன்னால் ஏற்றி லோ கியேரோ கொம்ப்ரார் என்றும் சொல்லலாம். பொருள் ஒன்றே. பேச்சில் மேலேற்றுவது மிகுதி, எழுத்தில் எச்சத்தோடு ஒட்டுவது மிகுதி. எஸ்தோய் கொம்ப்ராந்தோலோ, லோ எஸ்தோய் கொம்ப்ராந்தோ என்பதும் அப்படியே. நடுவில் மட்டும், கியேரோவுக்கும் கொம்ப்ராருக்கும் இடையில் தனியாக, லோ நிற்காது.

மூன்று வினை சேர்ந்தாலும் ஏறும். 'அவனிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கப் போகிறது' என்பது வோய் ஆ தெனேர் கே தெஸீர்ஸேலோ. ஸே லோ வோய் ஆ தெனேர் கே தெஸீர் என்றும் வரும். ஏறினால் இரண்டு சொல்லும் சேர்ந்தே ஏற வேண்டும், ஸேயை மேலே விட்டு லோவைக் கீழே வைக்க முடியாது.

எல்லா முற்றுவினையும் இப்படி ஏற விடுவதில்லை. விரும்பு, முடியும், போகிறேன், வேண்டும், தொடங்கு போல, அடுத்த வினையோடு சேர்ந்து ஒரே செயலாகிவிடும் வினைகள் விடும். தன் பொருளைத் தனியே வைத்துக்கொள்ளும் வினைகள் விடாது. 'அதைச் செய்ததற்கு வருந்துகிறேன்' என்பதில் லோ வருத்தத்துக்கு முன்னால் ஏறாது. 'வாங்கியாக வேண்டும்' என்று ஆளைக் குறிக்காமல் சொல்லும் ஆய் கே என்ற தொடரும் பொதுமொழியில் ஏற விடாது: ஆய் கே கொம்ப்ரார்லோ மட்டும்தான். இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டுவது 'வோல்வேர் ஆ' என்ற தொடர். அதற்கு 'மறுபடியும்' என்றும் 'திரும்பி வந்து' என்றும் இரு பொருள். வோல்வியோ ஆ வேர்லா என்றால், அவளை மறுபடி பார்த்தான், அவளைப் பார்க்கத் திரும்பி வந்தான் என்ற இரண்டும் ஆகலாம். லா வோல்வியோ ஆ வேர் என்று லாவை ஏற்றிவிட்டால் 'மறுபடி பார்த்தான்' என்ற ஒரு பொருளே மிஞ்சும். இரண்டு வினையும் ஒரே செயலாக இணைந்தால்தான் ஏற முடியும் என்பது இதில் கண்ணுக்குத் தெரிகிறது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு என் யோசனை, எச்சத்தோடு ஒட்டிவிடுவது. அங்கே பிழைக்கு இடமே இல்லை.

தமிழர் தவறவிடும் இடம்

வரிசை நமக்குச் சாதகம் என்று இதுவரை சொன்னேன். தமிழ் நம்மைச் சறுக்கவிடும் இடமும் உண்டு. 'அந்தப் புத்தகத்தை வாங்கினாயா?' என்று கேட்டால் 'வாங்கினேன்' என்று முடித்துவிடுவோம். 'அதை' தேவையில்லை. ஸ்பானிய மொழியில் 'ஸீ, கொம்ப்ரே' என்றால் வாக்கியம் குறையாக நிற்கும். 'ஸீ, லோ கொம்ப்ரே' என்று லோவைச் சொல்லியே ஆக வேண்டும். இடத்தைச் சரியாகக் கற்ற தமிழர்கூட இந்த லோவை விழுங்கிவிடுவார், ஏனென்றால் அவர் காதுக்கு அது இல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது.

இதன் மறுபக்கமாக, நமக்கு மிகையாகத் தோன்றும் இடத்திலும் சிறு சொல் வேண்டும். 'புத்தகத்தை நேற்று வாங்கினேன்' என்று செயப்படுபொருளை முதலில் வைத்தால், எல் லீப்ரோ லோ கொம்ப்ரே ஆயேர்: 'புத்தகத்தை அதை நேற்று வாங்கினேன்' என்பது போல. 'மரியாவுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்' என்பதில் மரியாவின் பெயரைச் சொன்ன பிறகும் லே வரும்: லே தி எல் லீப்ரோ ஆ மரியா. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது மே குஸ்தா எல் கஃபே. பிடிக்கிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்கும் இந்த அமைப்பு ஆங்கிலத்தாருக்குப் புதுமை, நமக்குத் தாய்ப்பால் வழக்கம். ஆனால் 'எனக்கு' என்பதை அழுத்திச் சொல்ல ஆ மீ என்று தொடங்கினாலும் மேயை விடக் கூடாது: ஆ மீ மே குஸ்தா. புவனோஸ் ஐரிஸில் இன்னும் ஒரு படி மேலே போய், 'மரியாவைப் பார்த்தேன்' என்பதையே லா வி ஆ மரியா என்பார்கள். மற்ற ஊர்களில் வி ஆ மரியா போதும்.

லோவை விழுங்கும் ஸ்பானிய வழக்குகளும் இருக்கின்றன. எக்வடோரின் தலைநகரான கீத்தோவின் பேச்சிலும், ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பேச்சிலும், முன்பே பேசப்பட்ட பொருளைக் குறிக்கும் லோ விடுபடுவதை மொழியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீத்தோவில் ஸ்பானிய மொழியோடு நூற்றாண்டுகளாக உறவாடி வருவது கிச்வா, பாஸ்க் நாட்டில் பாஸ்க். இரண்டுமே தமிழைப் போல வினையை இறுதியில் வைக்கும் ஒட்டுநிலை மொழிகள். தெரிந்த செயப்படுபொருளைச் சொல்லாமல் விடுவதும் இரண்டிலும் இயல்பு. கீத்தோக்காரர் காதில் நம் 'ஸீ, கொம்ப்ரே' அவ்வளவாக உறுத்தாமல் போகலாம். தேர்வுத்தாளிலும், மற்ற ஊர்களின் பேச்சிலும் அந்த லோ இருந்தாக வேண்டும்.